கிரிக்கெட் நாளில் திருத்திய ட்ரைவர்

நேற்று ஒரு பேக்கரி வாசலில் மீன் அடைத்த சூடான மாலுபாண் வாசம் மூக்கில் ஏறியதும், பசிக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் எச்சரிக்கைதான் எனக்கு ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். இரண்டாயிரங்களில் இலங்கை மலைநாட்டு ஹட்டனில் நான் பாடம் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பு, ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்தது. கீழேயிருந்து பாண் வாசம் வரும், ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் வரும். காலையில் கம்ப்யூட்டர்களை ஹேர் ட்ரையரால் காயவைத்த பிறகுதான் என் தலைமுடிக்கு முறை.

வகுப்பை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக் கணக்கு வாத்தியார். எங்களுக்கு அவர் 'சேர்'. அவருடைய பெருமை ஒரு டீவி கார்டு. கம்ப்யூட்டருக்குள் செருகினால் திரையில் டீவி தெரியும். அந்தக் கார்டை இயக்கும் ட்ரைவர் நிரலில்தான் நான் கைவைத்தேன். எங்கள் இயங்குதளம் இலவசமானது; யாரும் திருத்தி அனுப்பலாம். நிரலைச் சோதிக்கும் கருவியோ 'வேறு முகவரி வெளி' என்று ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எச்சரித்தது. விஷயம் இவ்வளவுதான்: கம்ப்யூட்டரின் சொந்த நினைவகத்தை நேராகத் தொடலாம். கார்டின் நினைவகத்தை அதற்கென்று உள்ள கட்டளை வழியாகத்தான் தொட வேண்டும். பழைய நிரலுக்கு இந்த வித்தியாசமே தெரியவில்லை.

டைப்பிங் சொல்லிக்கொடுத்த புஷ்பத்துக்கு விளக்கினேன்.

"தோட்டத்துத் தொர பங்களாவுக்கு வாச்சர்கிட்ட கேட்டுட்டுப் போற மாதிரியாடி?"

"அதேதான்."

யுத்தகாலச் செக்பாயிண்டுகளில் விலாசம் சொல்லியே களைத்துப்போன சேருக்கு இது சிரிப்பாக இல்லை. திரையில் 'வார்னிங்', 'அட்ரஸ்' இரண்டையும் கண்டவர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, எங்கட அட்ரஸை ஆர் கேக்கினம்? நீ குடுத்திட்டியோ?"

"இது கார்டோட அட்ரஸ் சேர்."

"கார்டையும் பொலிசில பதியோணுமோ?"

ஒருவழியாக எச்சரிக்கைகள் எல்லாம் அடங்கின. அன்று பார்த்து கிரிக்கெட் மேட்ச். கீழ் பேக்கரி முதலாளி ஆட்களோடும் ஒரு தட்டு மாலுபாணோடும் மேலே வந்தார். சேர் பெருமையாகப் பட்டனை அமுக்கினார். திரை முழுக்க இருட்டு.

"மொகத நங்கி?" என்று சிங்களத்தில், என்ன தங்கச்சி என்று கேட்டார் முதலாளி. சேர் என்னையே பார்த்தார். எனக்கு வேர்த்துவிட்டது, ஹட்டன் குளிரில். மாற்றிய வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். பிழையில்லை. பழைய ட்ரைவரைப் போட்டேன். அதிலும் இருட்டு. ஒரு ஓவர் முடிந்துவிட்டதாகக் கீழே ரேடியோ சொன்னது.

அப்போது புஷ்பம் மெதுவாகக் கேட்டாள்: "ஏன்டி, நான் ஈரக்குடைய மாட்டி வச்ச வயரு எதுக்குள்ளது?"

அன்டெனா வயர். குடையின் கனத்தில் கழன்று தொங்கியது. செருகினேன். புது ட்ரைவரைத் திரும்பப் போட, அதிலேயே படம் வந்தது. முதலாளி எனக்கு மட்டும் இரண்டு மாலுபாண் தந்தார்.

திருத்தத்தை அனுப்பினேன். எங்கேயோ ஒரு தேசத்திலிருந்து ஒரே வார்த்தையில் பதில் வந்தது: 'அப்ளைட்'. சேர்த்துக்கொண்டோம் என்று அர்த்தம். சேர் அதைப் படித்துவிட்டு, "பிள்ளைக்கு வெளிநாட்டில வேலைக்கு அப்ளை பண்ணச் சொல்லியிருக்கினம்!" என்று கீழே போய்ச் சொல்ல, மாலைக்குள் அம்மா கோயிலில் அர்ச்சனையே செய்துவிட்டாள்.

இப்போது அந்த மாடியில் போன் கடை. சேர் கனடாவில். அந்த டீவி கார்டை எவரும் விற்பதில்லை. பாவிக்க ஆளில்லை என்று ட்ரைவரையே இயங்குதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் திருத்திய வரிகளும் அதோடு போயின. புஷ்பத்தைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பாவம்டி அந்த ட்ரைவரு," என்றாள். "பென்சனாச்சும் குடுத்தாங்களா?"