கம்பத்தின் செய்தி யாருக்குப் போகிறது?

ஒரு வயலில் பூச்சி பெருகுகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், அதை நீங்கள் யாரிடம் சொல்வீர்கள்? சேற்றில் நிற்பவளிடமா, பட்டா வைத்திருப்பவரிடமா?

ஏரலுக்கு மேற்கே சாலோமி பயிரிடும் நெல்வயலில் போன ஐப்பசியில் ஒரு கம்பம் நட்டார்கள். உச்சியில் சோலார் தகடு, கீழே ஒரு பெட்டி. பெட்டிக்குள் பெண் அந்துப்பூச்சியின் வாடை. அதை நம்பி வரும் ஆண் பூச்சிகள் பசைத்தாளில் ஒட்டிக்கொள்ளும். கேமரா படம் எடுக்கும். எங்கோ இருக்கும் செயற்கை நுண்ணறிவு, வந்திருப்பது குருத்துப்பூச்சிதானா, பெருகுகிறதா என்று பார்த்து செல்போனுக்குச் செய்தி அனுப்பும். நல்ல ஏற்பாடு. அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

செல்போன் மட்டும் சாலோமியுடையது அல்ல. பாளையங்கோட்டையில் இருக்கும் நிலக்காரர் ஞானசம்பந்தனுடையது. அவள் பயிரிடுவது வாய்ப்பேச்சுக் குத்தகையில். உழுகிறவர் பெயரோ எண்ணோ எந்தப் பதிவிலும் ஏறிவிடக்கூடாது, ஏறினால் நாளைக்கு உரிமை கேட்பார்கள் என்பது நிலக்காரர்களின் பழைய பயம். கம்பம் நட்ட அன்றே அவள் கேட்டாள்.

“என் நம்பரையும் சேத்துப் போடச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“எதுக்கு? எனக்கு வந்தா ஒனக்குச் சொல்ல மாட்டேனா?”

நம்பினாள். நம்புவது சுகமாகவும் இருந்தது. ஐம்பதைத் தாண்டிய முழங்கால், தினமும் சேற்றில் இறங்கித் தோகையைப் புரட்டிப் பார்க்க மறுத்தது. செய்தி வந்ததும் மருந்தடிக்கலாம் என்று காத்திருந்தாள்.

மார்கழிக் கடைசியில் கதிர் வெளியே வந்தது. பால் பிடித்துத் தலைசாய வேண்டிய கதிர், வெள்ளையாக விறைத்து நின்றது. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தது; அடித்தண்டைக் குருத்துப்பூச்சி தின்றிருந்தது. அடுத்ததும் வந்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“கண்ணு பட்டிருக்கும்க்கா. ஒரு பூசணிக்காயக் கட்டித் தொங்கவிட்டிருக்கலாம்லா” என்றான் பக்கத்து வயல் சுடலைமணி.

“அதான் கம்பத்தையே நட்டு வச்சிருக்கே” என்றாள் சாலோமி.

கண்ணேறும் இல்லை, விதியும் இல்லை. விதிக்குச் செல்போன் எண் கிடையாது. இதற்கு இருந்தது. அந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

“மெசேஜா? பாக்கேன், இரு. ஆமா, அப்பவே வந்திருக்கு. ஒண்ணு இல்ல, மூணு. பெங்களூர்ல மக வீட்டுல இருந்தேனா, பேங்குக்காரன் அனுப்புத குப்பையோட சேந்துட்டு. என்ன செய்ய, ஒன் நேரம் சரியில்ல.”

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டும்.

வயல் பாதிக்குமேல் பதராகப் போனது. அறுப்பு முடிந்து அடுத்த நாற்றும் நட்டபின், கம்பத்தைப் பராமரிக்கும் சுபின் என்ற பையன் பைக்கில் வந்தான்.

“நம்பர மாத்த முடியாதா தம்பி?”

“ஒரு நிமிச வேலைக்கா. ஆனா அவுங்க போனுக்கு ஒரு ஓடிபி போகும். அத அவுங்க சொல்லணும்.”

அவன் தன் போனில் அழுத்தினான். அவள் தன் போனில் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அத மட்டும் வாசிச்சிருங்க. இந்த வெள்ளாமையாவது கைக்கு வரட்டும்.”

அந்தப் பக்கம் அவர் செய்தியை முணுமுணுத்து வாசிப்பது கேட்டது.

“யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கே சாலோமி. பைய பாப்போம்.”

சுபினின் போனில் ஓடிபிக்கான நேரம் குறைந்துகொண்டே வந்து தீர்ந்தது. அவன் புதுப் பசைத்தாளை மாட்டினான். சாலோமி சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். இனி தினமும் இறங்கவேண்டியதுதான்.

உங்கள் பெயரில் பட்டா இருந்து, அந்த வயலில் வேறொருவர் கால் நனைகிறதென்றால், இதைப் படித்து முடித்த கையோடு போனை எடுங்கள். அவருடைய எண்ணைப் பதிந்துகொடுங்கள்.