பாதி செக்

கிழக்குத் தாம்பரம் ஞானஜோதி பாதி செக்கோஸ்லோவாக்கியாக்காரி என்று 1976-ல் ஒரு புரளி கிளம்பியது. மீதிப் பாதி எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. புரளிக்குப் பாதியே தாராளம்.

விசாரித்தால் ஆதாரம் இருக்கிறது என்றார்கள். ஜோதியின் அப்பா ஏசுதாசன் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே ஒரு செக் மெஷின் உண்டு. அதைப் பூட்டிக் கொடுக்க அந்த நாட்டு இன்ஜினியர் ஒருவர் வந்து, பதினோரு நாள் இருந்து, வயிற்றுப்போக்கோடு ஊர் திரும்பினார். எல்லாம் சரிதான். ஆனால் அவர் வந்தபோது ஜோதிக்கு நாலு வயது. இதை எடுத்துச் சொன்னால், "ஒரு தடவை வந்தவரு அதுக்கு முந்தி ஒரு தடவை வந்திருக்க மாட்டாரா சார்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

உண்மையில் இத்தனைக்கும் காரணம் லாசரஸ் சார். ஜோதி படித்த பெண்கள் பள்ளியின் டிரில் மாஸ்டர். 1970-ல் த்ரோபால் வலையைக் கரையான் தின்றுவிட்டது. "புது வலை வர்ற வரைக்கும் காலால உதைங்கம்மா" என்று பந்தைக் கீழே போட்டார். வலை வரவே இல்லை. பள்ளிக்கு ஒரு ஃபுட்பால் டீம் வந்துவிட்டது. அதில் ஜோதி ஹாஃப். அதாவது முன்னால் நின்று கோல் போடுகிறவளும் இல்லை, பின்னால் நின்று தடுக்கிறவளும் இல்லை; நடுவில் இரண்டு பக்கமும் ஓடி, பந்தைப் பிடுங்கி, வேண்டியவளுக்குக் கொடுத்துவிட்டுப் பேர் வாங்காமல் திரும்புகிறவள்.

"ஹாஃபுன்னா இன்னாடி? முழுசா சேத்துக்கலியா உன்னை?" என்றாள் அம்மா சாராள்.

"அது நிக்கிற எடத்தோட பேரும்மா."

"பாதின்னு பேரு வச்சிட்டு முழுசா ஓட வுடறானுங்களா? நல்லா கீது நியாயம்."

பள்ளியை விட்ட பிறகும் ஜோதி மாலையானால் அந்த மைதானத்தில்தான். 1962 உலகக் கோப்பையில் செக் அணி இறுதி ஆட்டம்வரை வந்ததைப் பத்திரிகையில் படித்து, அந்த அணியின் ஹாஃபைப் பார்க்காமலே பக்தராகியிருந்த லாசரஸ் சார், ஒருநாள் ஸ்டேஷன் எதிர் டீக்கடையில் உணர்ச்சிவசப்பட்டார். "நம்ம ஜோதி செக் ஹாஃப் மாதிரியே ஆடுதுய்யா!" டீக்கடையைத் தாண்டும்போது 'மாதிரி' கழன்று விழுந்தது. குரோம்பேட்டை வருவதற்குள் 'ஆடுது' போயிற்று. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மிச்சத்தைத் தமிழில் பெயர்த்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மாநிலப் பெண்கள் அணிக்குத் தேர்வு ஆட்டம் வந்தது. ஆறு வருஷம் அவள் ஓடியதெல்லாம் எதற்காகவோ, அது. ஜோதி பேரும் பட்டியலில் இருந்தது. கூடவே, தேர்வாளர் ஏகநாதனுக்கு ஒரு மொட்டைக் கடிதாசியும் போயிருந்தது. 'அயல்நாட்டவர் அல்ல என்ற அரசுச் சான்றுடன் சனிக்கிழமை வரவும். தவறினால் ஆட இயலாது' என்று அவரிடமிருந்து ஜோதிக்கு ஒரு கார்டு வந்தது.

ஜோதி கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள். "அம்மா, நெசமா சொல்லு, நான் யாரு?"

"அடி செருப்பால! உங்கப்பன் மூக்கை அப்படியே வெட்டி ஒட்டினாப்ல கீது மூஞ்சில. இதுல யாருன்னு கேக்குறா!"

அந்த இன்ஜினியரின் மூக்கு எப்படி இருந்தது என்று தெரியாததால் ஜோதிக்குக் குழப்பம் முழுசாகத் தீரவில்லை.

எமர்ஜென்சி காலம். தாலுகா ஆபீஸில் எல்லாரும் பத்து மணிக்கே நாற்காலியில் இருந்தார்கள்.

"சார், நான் செக் இல்லேன்னு ஒரு சர்டிபிகேட் வேணும்."

"செக் இல்லேன்னா கேஷா கட்டும்மா. அந்த ஜன்னல்." கிளார்க் தலையை நிமிர்த்தவில்லை.

"அந்த செக் இல்ல சார். செக்கோஸ்லோவாக்கியா. நான் அந்த ஊரு இல்ல."

"நானுந்தான் இல்ல. சர்டிபிகேட் கேட்டேனா?"

"நீங்க ஃபுட்பால் ஆடலையே சார்."

இதில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. பேனாவைத் திறந்தவர் மறுபடி மூடினார். "புகார் என்ன? பாதின்னுதானே? முழுசா இல்லேன்னு நான் தைரியமா எழுதுவேன். பாதியை நான் பாத்தேனா? நாளைக்கு ஆடிட்ல கேப்பான்." என்ன சொல்கிறார் என்று ஜோதிக்கு விளங்கவில்லை. அவர் எழுதி, கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு அரக்கு வைத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை மைதானத்தில் ஏகநாதன் அரக்கை உடைத்து உரக்கப் படித்தார். "மனுதாரர் முழு செக் அல்ல எனச் சான்றளிக்கப்படுகிறது."

ஏகநாதன் கெட்டவர் அல்ல, நியாயஸ்தர். ஆபத்தே அதுதான்.

"முழுசா இல்லேன்னு கவர்மென்டே சொல்லுது. அப்ப பாதி நம்மாளு, சந்தேகமில்ல. அதனால பாதி ஆட்டம் ஆடும்மா. மீதிக்கு சரியான பேப்பரோட வா."

"சார், நான் ஹாஃபுன்னு சொன்னது..." என்று ஆரம்பித்தார் கூட வந்திருந்த லாசரஸ் சார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். ஹாஃப்."

ஜோதி அரைமணி ஆடினாள். தான் எந்தப் பாதி என்று யோசித்துக்கொண்டே முதல் பத்து நிமிஷம் ஓடினாள். பிறகு பந்து காலுக்கு வந்தது, யோசனை நின்றது. இரண்டு கோலுக்குப் பந்து அவள் காலிலிருந்துதான் போனது. இடைவேளை விசிலோடு வெளியே உட்கார வைத்தார்கள். மாலையில் ஒட்டிய பதினாறு பேர் பட்டியலில் அவள் இல்லை. அடியில் ஒரு குறிப்பு: 'ஞானஜோதி: அரை ஆட்டம் பார்த்து முடிவு செய்ய இயலாது. மீதி பின்னர் பார்க்கப்படும்.'

ஒரு வாரத்தில் சரியான பேப்பர் கிடைத்தது. அதற்குள் அணி வடக்கே ரயிலேறிவிட்டது. ஜோதிக்குப் பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை வந்தது, கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளை வீட்டார் 'பாதி செக்' என்று கேள்விப்பட்டு, மீதி ரொக்கம் போலிருக்கிறது என்று சந்தோஷமாகத்தான் பெண் பார்க்க வந்தார்களாம்.

1979-ல் தாம்பரம் பிளாட்பாரத்தில் ஏகநாதனைப் பார்த்து ஜோதி வழிமறித்தாள். "சார், எனக்கு அரைமணி பாக்கி வச்சிருக்கீங்க."

அவர் மறுக்கவில்லை. "ஞாபகம் இருக்கும்மா. கிரவுண்டு கெடைச்சதும் கார்டு போடறேன்" என்று சொல்லி பீச் வண்டியில் ஏறினார்.

கிரவுண்டு இன்னும் கிடைத்தபாடில்லை.