ஆற்றுக்கு முன்னால் எழுதிய பெயர்

பெண்களுக்குத் தூரிகை கழுவும் வேலை மட்டுமே கொடுத்த கண்ணாடி ஓவியப் பட்டறையில், சின்னவள் அந்தத் தூரிகையையே கையில் பிடித்தாள். "உயரத்துக்கு நீ சரிப்பட மாட்டே" என்ற முதலாளியின் ஏணியிலேயே ஏறி, மருத்துவமனையின் முகப்புக் கண்ணாடி முழுவதும் தீட்டி இறங்கினாள். இடது கண்ணில் பார்வை மங்கல். இருந்தாலும் படத்தில் மெல்லிய தங்க ரேக்குத் தகடு ஒட்ட வேண்டுமென்றால் அவளைத்தான் தேடி வந்தார்கள். பட்டறை மூடியபோது அந்த ஏணியை விலைக்கு வாங்கித் தனியாகத் தொழில் தொடங்கினாள்.

கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் இதையெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவளுடைய அக்கா. தையற்காரி. அதனால்தான் அன்று அருங்காட்சியகத்தில் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

பழைய எடைக்கற்கள், சுடுமண் பானைகள், மங்கிப்போன புகைப்படங்கள் எல்லாவற்றையும் தாண்டி, கடைசி அறையின் சுவரில் தங்கை தீட்டிய கண்ணாடி இருந்தது. நாணலுக்கு நடுவே இரண்டு கொக்குகள். கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவருக்காக அவள் தீட்டியது; அவர் தன் கடையை மூடும்போது அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கீழே அட்டையில், 'தீட்டியவர் பெயர் தெரியவில்லை.'

"தெரியலையா? இதோ குத்துக்கல்லாட்டம் நிக்கிறாளே!"

"அக்கா, மெதுவா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். பாக்கத்தானே டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்காங்க."

சத்தம் கேட்டு வந்த பெண் அதிகாரி வாதாடவில்லை. கடிகாரக்காரருக்கே போன் போட்டார். அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அந்தப் பொண்ணுதாங்க! ஒரு வாரம் என் கடை வாசலை அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. கடிகாரம் குடுக்க வந்தவங்கல்லாம் கொக்கைப் பாத்துட்டுக் கடிகாரத்தோடயே திரும்பிப் போனாங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். "அட்டையை இன்னிக்கே மாத்திடறேன். படத்து மூலையிலயும் உங்க பேரை எழுதிடுங்களேன்."

"இனிமே முடியாது மேடம்" என்றாள் சின்னவள். கண்ணாடியின் முதுகில் தீட்டி முகத்தில் பார்க்கிற வேலை அது. முன்னால் தெரிய வேண்டியதை முதலில் தீட்ட வேண்டும். கொக்கின் கண்ணில் மின்னும் புள்ளி, பிறகு கண், பிறகு தலை, வானம் கடைசியில். இப்போது எழுதினால் வானத்துக்குப் பின்னால் மறைந்துபோகும். "பேர் போடணும்னா படத்துக்கு முன்னாடியே போட்டிருக்கணும். பட்டறையில அந்த மூலை முதலாளியோடது. தனியா வந்தப்புறம், படம் எப்படி வருமோன்னு பயம்."

"அப்ப இந்த அறை ஜன்னலுக்கு நம்ம ஆத்தைத் தீட்டிக் குடுங்க. பேரோட."

"படம் குடுக்கறேன் மேடம். பேர் வேணாம்."

அக்கா வாயைத் திறக்கவில்லை. அதுதான் சின்னவளைப் பயமுறுத்தியது. பேருந்து நிறுத்தம் வரை பொறுத்துப் பார்த்தாள்.

"ஏதாவது திட்டேன்க்கா."

"பேர் சொல்லித் திட்டித்தான்டி எனக்குப் பழக்கம். பேரே வேணாங்கறவள எப்படித் திட்டறது?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. "படம் கெட்டுப்போனா?"

"கெட்டா உன் பேர்லயே கெடட்டும். இத்தனை வருஷம் நல்லா வந்ததெல்லாம் யார் யார் பேர்லயோ போயாச்சு."

அருங்காட்சியக ஜன்னலுக்கான கண்ணாடி வந்த அன்று அக்கா தையல் இயந்திரத்தை ஓரமாகத் தள்ளி, முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். சின்னவள் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தாள். கறுப்பைக் குழைத்தாள். தூரிகையைத் தோய்த்து, திரும்ப வைத்து, மறுபடி எடுத்தாள். ஒரு சொட்டு ஆறும் இல்லாத வெறும் கண்ணாடியின் மூலையில் குனிந்து, வலமிருந்து இடமாக, எழுத்துகளைத் திருப்பித் திருப்பிப் போட்டாள்.

அக்கா மறுபக்கம் போய் நின்றாள். அங்கிருந்து பெயர் நேராகத் தெரிந்தது. எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். ஆறு இனிமேல் நன்றாக வந்துதான் தீர வேண்டும்.

"தேதியும் போடுடி" என்றாள்.

சின்னவள் போட்டாள்: 2019 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை.