நாரில் கோத்த மாலை

மாலையைக் கழற்றியதால்தான் முருகன் நல்லசாமியைத் தண்டித்தான் என்று, பூண்டு கட்டுகிற இடத்தில் உட்கார்ந்து வேலுத்தாய் பேசுகிறாளே, அவள் வந்து பார்த்தாளா? அவன் கழற்றவே இல்லை. கழற்றாததால்தான் அந்த வினை வந்தது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

நல்லசாமி என் தங்கை பொன்னுத்தாயின் மகன். தகப்பன் இல்லாத பிள்ளை. பூம்பாறையிலிருந்து கீழே இறங்கி இன்சினியர் படிக்கப் போனவன். சீனாச் சண்டை முடிந்த மறு மாசியில், பரீட்சை தேறவேண்டுமென்று பழனிக்குப் பங்குனிக் காவடி நேர்ந்து மாலை போட்டான். மாலை அறுந்தால் விரதம் கெட்டுவிடுமே என்று பொன்னுத்தாய்க்குப் பயம். கடையில் வாங்கிய மாலையின் நூலை உருவிப் போட்டுவிட்டு, அடுப்புக்கு மேலே பூண்டுக் கட்டைத் தொங்கவிடுகிற நாரில் மணிகளைக் கோத்துக் கொடுத்தாள். ஒரு சுமை தொங்கினாலும் அறாத நார் அது. பழனி மலை ஏறுகிறவரை கழற்றமாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

காலேஜில் இரும்பைச் சுழற்றிக் கடைகிற லேத்து மிஷின் இருக்கிறதாம். அந்த அறைக்குள் துண்டு, கயிறு, தொங்குகிற எதுவும் உடம்பில் இருக்கக் கூடாதாம். வாத்தியார் வாசலிலேயே நின்று பார்ப்பாராம். இவன் சத்தியத்துக்குப் பயந்து, சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு உள்ளே போனான். குனிந்தபோது ஒரு பொத்தான் விட்டுவிட்டது. மாலை நழுவி விழுந்து, சுற்றுகிற இரும்பில் மாட்டிக்கொண்டது. நூலாக இருந்தால் அறுந்திருக்கும். நார் அறவில்லை. மிஷின் அவன் முகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே போனது. பக்கத்தில் நின்ற கூட்டாளி சேனாதிபதி பாய்ந்து கரண்டை நிறுத்தியிருக்காவிட்டால் இன்றைக்கு அவன் உயிரோடு இல்லை. அவன்தான் இவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னான். முருகனுக்குக் கோபம் என்றால் சேனாதிபதியை எதற்குப் பக்கத்தில் நிறுத்தினான்? வேலுத்தாய் பதில் சொல்லட்டும்.

கழுத்தைச் சுற்றி நார் அறுத்த புண். அது ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. கொடைக்கானல் பஸ் வளைவில் உறுமினால் கழுத்தைப் பிடித்துக்கொள்வான். அம்மிச் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். படுத்தால் முகத்துக்கு எதிரே இரும்பு சுற்றுகிறது என்பான். திரும்பிப் போகவேண்டிய கெடு நெருங்க நெருங்க வாய்ப்பேச்சே நின்றுவிட்டது.

போகிற நாளில், சேனாதிபதி பொறுக்கிக் கொண்டுவந்த மணிகளை மறுபடி அதே மாதிரி நாரில் கோத்துக்கொண்டு பொன்னுத்தாய் வாசலை மறித்தாள்.

"நேந்துக்கிட்டத பாதில விட்டா உசுருக்கு ஆகாதுலே. போட்டுக்க."

"போட்டிருந்தும் உசுரு போகத்தானம்மா பாத்துச்சு."

  அவன் மாலையைக் கையில் வாங்கினான்.  பிறகு அதைப் பொன்னுத்தாய் கழுத்தில் போட்டான்.

"மிஷினுக்கு முன்னால நான் நிக்கணும்மா. பங்குனிக்கு வந்து காவடி எடுக்கேன். அதுவரைக்கும் எனக்காக நீ போட்டிரு."

 அவள் விலகி வழியை விட்டாள். வளைவில் பஸ் உறுமியது. அவன் கை கழுத்துக்குப் போனது. அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. கையை இறக்கி, டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனான்.