பெட்டிக்கு டிஸ்க் போச்சு

என் தம்பி பரத் கழற்றிய ஸ்க்ரூவைத் தரையில் வைக்க மாட்டான். ஒரு தெர்மாகோல் துண்டை எடுத்து, இயந்திரத்தில் அது எந்த மூலையில் இருந்ததோ அதே மூலையில் குத்தி வைப்பான். திரும்ப மாட்டும்போது தேட வேண்டியதில்லை. வீட்டு மிக்ஸி பழுதானாலும் இதே முறைதான். பியூசியில், அதாவது பிளஸ் டூவில், கணக்கில் தவறிய பிறகு, அல்சூரில் முனிராஜ் அண்ணன் நடத்தும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்தான். இப்போது அந்தப் பக்கத்து வீடுகளில் "பரத்தை அனுப்புங்க" என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். நான் அவனுடைய அக்கா, ஜோகுபாளையத்தில் பிளவுஸ் தைக்கிறேன். தம்பி என்பதால் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இது நான் பக்கத்தில் இருந்து பார்த்தது.

அன்று சனிக்கிழமை. லைனிங் துணி வாங்க என்னை வண்டியில் சிவாஜிநகருக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தான். சிக்னலில் நின்றபோது முனிராஜ் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. அவருக்கு டைப் செய்யப் பொறுமை கிடையாது. போனைப் பார்த்துப் பேசுவார், அது தமிழில் எழுதிக்கொள்ளும். "பிரேசர் டவுன் பெர்னார்ட் வீடு. ஆல் இன் ஒன். பெட்டிக்கு டிஸ்க் போச்சு. இன்னைக்கே பார்க்கணும்" என்று இருந்தது.

ஆல் இன் ஒன் என்றால் தனியாகப் பெட்டி கிடையாது, திரைக்குப் பின்னாலேயே கம்ப்யூட்டர் முழுவதும் அடங்கியிருக்கும். ஆனால் கடையில் அவர்கள் எந்தக் கம்ப்யூட்டரையும் பெட்டி என்றுதான் சொல்வார்கள்.

"ஹார்ட் டிஸ்க் பையிலயே இருக்குக்கா. போற வழிதான், மாட்டிட்டுப் போயிடலாம்" என்றான்.

கதவைத் திறந்தவர் பெர்னார்ட். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹாலில் அவருடைய மனைவி இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பரத் செருப்பை வெளியே விட்டு உள்ளே போய்ப் பையை இறக்கினான்.

"டிஸ்க் போச்சுன்னு சொன்னாங்க அங்கிள். ரொம்ப நாளா தொல்லையா?"

"போன வருஷத்துலேர்ந்து, மேன். நடுவுல தேவலாம்னு இருந்துச்சு. இப்ப மறுபடியும்."

"சத்தம் ஏதாவது வருதா?"

"வராம? எழுப்பி உட்கார வச்சாலே சத்தம்தான்."

"பழசாச்சு இல்ல அங்கிள். பின்பக்கம் திறந்து அதைத் தூக்கிப் போட்டுட்டு, புதுசு வச்சிடறேன். சும்மா கவலைப்படாதீங்க."

"ஏசப்பா!" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "யாரு இந்தப் பையன்? என் முதுகைத் திறக்கவா வந்திருக்கான்?"

பரத் அந்த அம்மாவைப் பார்த்தான். மேசையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "ஆன்ட்டி, உங்க பேரு?" என்று கேட்டான்.

"எலிசபெத். வீட்டுல பெட்டி."

அவன் போனை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டினான். படித்துவிட்டு அந்த அம்மா சிரித்தார், உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதடா, வலிக்குது."

பெர்னார்ட் சிரிக்கவில்லை. நடந்ததை அவர்தான் சொன்னார். பெட்டி ஆன்ட்டிக்கு முதுகெலும்பில் டிஸ்க் விலகியிருக்கிறது, முனிராஜ் அண்ணனிடம் போனில் அதைத்தான் முதலில் சொன்னாராம். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். போன வருஷ ஸ்கேனையும் இப்போதைய ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல முடியும் என்றிருக்கிறார். பழைய ஸ்கேன் ஒரு சிடியில் மட்டும்தான் இருக்கிறது, எடுத்துக் கொடுத்த சென்டரை மூடிவிட்டார்கள். சிடி ஓடுகிறதா என்று பார்க்க இவர் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுப் பிளவில் நுழைத்தார். அது உள்ளே இழுத்துக்கொண்டது, வெளியே தள்ளவில்லை.

"அது உடைஞ்சா எங்களுக்கு வேற காப்பி இல்ல, மேன்."

பரத்தின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. கடைக்குப் போன் செய்து கூட வேலை செய்யும் மஞ்சுநாத்திடம் கன்னடத்தில் பேசினான். "மஞ்சு, சிடி டிரைவ் ஒந்து பேக்கு கணோ. பேக தகொண்டு பா." புது சிடி டிரைவ் ஒன்றைச் சீக்கிரம் எடுத்து வரச் சொன்னான். பிறகு பெட்ஷீட் கேட்டு வாங்கிச் சாப்பாட்டு மேசையில் மடித்து விரித்தான். கம்ப்யூட்டரைக் குழந்தையைக் குப்புறப் போடுவதுபோல் முகம் கீழாகப் படுக்க வைத்தான். ஸ்டாண்டைக் கழற்றி, ஸ்க்ரூக்களைத் தெர்மாகோலில் குத்தி, ஒரு பிளாஸ்டிக் அட்டையை விளிம்பில் செருகிச் சுற்றிலும் நகர்த்தினான். கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடுபட்டன. உள்ளே ஓர் ஓரத்தில், கெட்டி அடையின் கனத்தில், சிடி டிரைவ் இருந்தது. அதை வெளியே எடுத்து மேல்தகட்டையும் கழற்றினான்.

சிடி அங்கேதான் இருந்தது. அதன்மேல் "பெட்டி – முதுகு" என்று எழுதிய வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. தாளின் ஓரம் பிரிந்து, சிடியை இழுக்கும் ரப்பர் உருளையில் சிக்கியிருந்தது.

"ஒட்டினது யாருன்னு கேளுப்பா" என்றார் பெட்டி ஆன்ட்டி. "உப்பு டப்பாவுல உப்புன்னு ஒட்டற மனுஷன். நாளைக்கு என் நெத்தியிலயும் ஒட்டுவாரு."

"வேற சிடியோட மாறிடக் கூடாதுன்னுதான் ஒட்டினேன்" என்று சொல்லிக்கொண்டே, பரத் விடுவித்து வைத்த சிடியிலிருந்து தாளை உரிக்க பெர்னார்ட் கையை நீட்டினார்.

பரத் சட்டென்று சிடியின்மேல் உள்ளங்கையைக் குவித்து மறைத்தான். "உரிக்காதீங்க அங்கிள்! படமெல்லாம் இந்தத் தாள் ஒட்டின பக்கத்துலதான், மேல்தோலுக்கு அடியில இருக்கு. இழுத்தா தாளோட சேர்ந்து அதுவும் வந்துடும்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பரத் என்னிடம் நூல் வெட்டும் கத்தரியைக் கேட்டான். பிரிந்து நின்ற ஓரத்தை மட்டும், ஒட்டியிருந்த இடம் அசையாமல், நறுக்கி எடுத்தான். பட்டுத் துணியில் கத்தரி வைக்கும்போதுகூட நான் அப்படி மூச்சைப் பிடித்ததில்லை.

மஞ்சுநாத் புது டிரைவோடு வந்தான். போனிலேயே பரத் அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தான். "ஏனோ பரத், ஆன்ட்டிகே ஹார்ட் டிஸ்க் ஹாக்தியா?" என்று கேட்டான். ஆன்ட்டிக்கே ஹார்ட் டிஸ்க் போடப் பார்த்தாயாமே என்று கேலி. "வாயை மூடிட்டுக் கொடுடா" என்று பரத் வாங்கிக்கொண்டான். பழைய டிரைவில் இருந்த தாங்கு தகட்டைக் கழற்றிப் புதியதில் மாட்டி, அதே இடத்தில் பொருத்தினான். பின் மூடியை மட்டும் போடவில்லை. பெர்னார்டை அழைத்து, கம்ப்யூட்டரை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். அவர் அதைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் நின்றார்.

முதலில் தன்னுடைய சிடி ஒன்றை நுழைத்தான். உள்ளே போனது, வெளியே வந்தது. மறுபடியும் நுழைத்தான், வந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்கேன் சிடியைக் கையில் எடுத்தான்.

"மறுபடியும் அது வாயிலேயேவா போடற?" என்றார் ஆன்ட்டி.

"முதுகு திறந்துதான் இருக்கு ஆன்ட்டி. முழுங்கினா உடனே எடுத்துடுவேன்."

சிடி உள்ளே போனது. கரகரவென்று சுற்றியது, நின்றது, மறுபடியும் சுற்றியது. திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகெலும்பு தெரிந்தது.

"வந்துச்சா?" பின்னாலிருந்து பெர்னார்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. "பெட்டி, வந்துச்சா?"

"வந்துச்சு. பார்க்கத்தான் நல்லாவே இல்ல" என்றார் ஆன்ட்டி.

பரத் எல்லாப் படங்களையும் பென்டிரைவில் ஏற்றினான். ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சிடியை வெளியே எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தான். பிறகு மூடியைப் பொருத்தினான். தெர்மாகோலில் ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சவில்லை. அன்று லைனிங் துணி வாங்கவில்லை, சிவாஜிநகர் கடைகளில் கூட்டம் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசிக்கவில்லை என்பான். திங்கட்கிழமை மாலை தோசைத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. பெட்டி ஆன்ட்டியேதான். அவர் குரல் அடுப்படிவரை கேட்டது. டாக்டர் இரண்டையும் ஒரே திரையில் வைத்துப் பார்த்தாராம். போன வருஷம் இருந்ததைவிட அதிகம் விலகவில்லையாம். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்தால் போதும் என்றுவிட்டாராம்.

"நல்லது ஆன்ட்டி. மெதுவா நடங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். அப்புறம் அடுப்படியைப் பார்த்து, "மாவு இன்னும் இருக்காக்கா?" என்று கேட்டான்.