மாமா கல்லறையில் ஏற்றிய மெழுகுவர்த்தி

அம்மா இறந்த வருடம், கல்லறைத் திருநாளன்று மகளோடு டிராலி பஸ் ஏறி பிடாதாரி கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். காதல் கல்யாணம் செய்ததற்காக அம்மாவை ஒதுக்கிவைத்த என் தாய்மாமன் அங்கேதான் அடக்கமாகியிருந்தார். அவர் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினால், மகளுக்குச் சொந்தமென்று நாலு பேர் கிடைப்பார்கள் என்று ஆசைப்பட்டேன்.

மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபித்துக்கொண்டிருந்தபோது, மாமா மகன் குடும்பத்தோடு வந்தார்.

"மச்சான், நான் உங்க அத்தை மகன்" என்றேன்.

"யாருக்கு யாருடா மச்சான்? ஓடிப்போனவ எங்களுக்கு அன்னிக்கே செத்துட்டா."

மெழுகுவர்த்தியை விரலால் நசுக்கி அணைத்து, என் மகள் கையில் கொடுத்தார்.

"வீட்ல கரண்டு இல்லன்னா ஏத்திக்க, பாப்பா."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஒன்றும் புரியாமல் அவளும் சிரித்து, "தேங்க்ஸ் மாமா" என்றாள்.

அன்று வீட்டு ஜெபத்தில், தீமை செய்தவர்களை மன்னிக்கிற வரி வந்ததும் எனக்கு நாக்கு எழவில்லை. இன்றும் அந்த இடத்தில் தடுக்கிறது. ஆண்டவர் பொறுத்துக்கொள்ளட்டும்.