ஏழாம் நம்பர் கேமராவில் ஓர் உச்சந்தலை

அந்த சூப்பர் மார்க்கெட்டில் அவளைக் கழுகு என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே கழுகு அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் கழுகு. பின்வாசலை ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் பதினாறு சின்னத் திரைகள், ஒரு சக்கரம் உடைந்த நாற்காலி, ஒரு பிளாஸ்க். கடையின் கூரையில் மாட்டிய கேமராக்கள் காட்டுவதையெல்லாம் இருபது வருடமாக அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்தான்.

கேமரா மேலேயிருந்து பார்ப்பதால் அவளுக்கு யார் முகமும் மனதில் தங்காது. உச்சந்தலைதான் தங்கும். தெருவில் எதிரே வந்து நலம் விசாரிப்பவரைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பாள். அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தால் போதும், "அட, சோப்பு வாங்க வர்ற இரட்டைச் சுழி!" என்று முகம் மலர்ந்துவிடும். எந்தத் தலை எந்த வரிசையில் எதை எடுத்து எங்கே சொருகியது என்று அவள் சொன்னால் சொன்னதுதான். "முகம் பொய் சொல்லும், உச்சந்தலை சொல்லாது" என்பது அவளுடைய வேதவாக்கு. அந்தப் பெருமை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐம்பத்தோரு வயதில் அவளுக்கு மாதவிலக்கு நின்றது. அதை அவள் கொண்டாடவே செய்தாள். கூடவே வந்த உடம்புச் சூட்டையும் வியர்வையையும் ஓர் அட்டை விசிறியால் சமாளித்தாள். தலைமுடி விஷயத்தில்தான் அவள் பாச்சா பலிக்கவில்லை. சீப்பில் முடி, தலையணையில் முடி, குளியலறைச் சாக்கடை ஓட்டையில் ஒரு பந்து முடி. யாரோ சொன்னார்கள் என்று வெங்காயத்தை அரைத்துச் சாறு பிழிந்து தேய்த்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க வீட்டுக்காரர் காலையில் கண் விழித்ததும் மூக்கை உறிஞ்சி, "ஆகா, இன்னைக்கு என்ன சமையல்?" என்று ஆவலாகக் கேட்டார். "சமையல் இல்ல, என் தலை" என்றாள் அவள். மனிதர் நிஜமாகவே ஏமாந்துபோனார்.

ஆனால் அவள் பெரிதாகக் கவலைப்பட்டாள் என்று சொல்ல முடியாது. வீட்டுக் கண்ணாடியில் முன்பக்கம் மட்டும்தானே தெரிகிறது? முன்பக்கத்தை மேலே தூக்கிச் சீவி கிளிப் போட்டுவிட்டால் பழைய ஆள்தான். "கொஞ்சம் கொட்டுது. ஷாம்பு சரியில்ல" என்று வழக்கை முடித்துவிட்டாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். உச்சந்தலை முதுகுக்கும் மேலே இருக்கிறது, கேட்கவா வேண்டும்.

போன மாதம் நிர்வாகம் ஒரு புது ஏற்பாடு செய்தது. கடையில் யாராவது ஒரே இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் இயந்திரமே அந்தத் துண்டை வெட்டியெடுத்து மறுநாள் காலையில் அவள் திரைக்கு அனுப்பிவிடும். அப்படி ஒரு புதன்கிழமை வந்த துண்டில் ஒரு பெண் இருந்தாள். ஏழாம் நம்பர் கேமரா, தலைத் தைலமும் ஷாம்பும் அடுக்கிய வரிசை. அவள் போட்டிருந்தது காவி நிற ஸ்வெட்டர். போன வருடம் கடையே தள்ளுபடியில் மலையாகக் குவித்து விற்றது. ஊரில் பாதிப் பேரிடமும் கடைப் பெண்களில் முக்கால்வாசிப் பேரிடமும் அது இருக்கிறது, கழுகிடமும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் உச்சியில் வகிடு வாய்க்காலாக அகன்று, தோல் பளிச்சென்று தெரிந்தது. முந்தைய நான்கு நாள் பதிவைத் தேடிப் பார்த்ததில் அதே தலை தினமும் அங்கே வந்து நின்றிருந்தது. கழுகு உச்சுக்கொட்டினாள். "பாவம், இந்த வயசுல முடி வளந்து என்ன பண்ணப்போறா?"

பரிதாபம் ஒரு பக்கம், கடமை ஒரு பக்கம். அந்த வரிசையில் பாட்டில்கள் காணாமல் போவதாக ஏற்கெனவே புகார் இருந்தது. அறிக்கை எழுதினாள்: "பெண். வயது சுமார் 65. உச்சந்தலையில் முடி மிகக் குறைவு. பாட்டிலை எடுக்கிறார், படிக்கிறார், சுற்றுமுற்றும் பார்க்கிறார், வைத்துவிடுகிறார். நடத்தை சரியில்லை."

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "சூப்பர்க்கா! சனிக்கிழமை மீட்டிங்ல பெரிய திரையில போடறேன். எல்லாரும் இந்தத் தலையை நல்லா பாத்து வச்சுக்கட்டும்."

இதோடு விட்டிருக்கலாம். அவள் கழுகாயிற்றே, விடுவாளா? அந்தப் பெண் எந்த வழியாக வெளியே போகிறாள் என்று தெரிந்துகொள்ள, வெள்ளிக்கிழமை மதியம் முழுப் பதிவையும் எடுத்து ஓட்டினாள். வரிசையின் கோடியிலிருந்து கையில் ஹெல்மெட்டோடு ஓர் ஆண் வந்தார். முழு வழுக்கை, நடுவில் ஒரு மச்சம். அந்த மண்டையை அவள் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள், அது அவளுடைய வீட்டுக்காரர்!

அவர் நேராக அந்தப் பெண்ணிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அவர் கையில் ஓர் அடி போட்டாள்.

கழுகு திரையோடு ஒட்டி உட்கார்ந்தாள். அறுபத்தைந்து வயதுக் கிழவியோடு இந்த மனிதருக்கு என்ன குலாவல்? அதுவும் கடைக்குள்ளேயே, என் கேமராவிலேயே? தலைக்கு ஏறிய கோபத்தில் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள். கிழவியின் தோளில் ஒரு பச்சைப் பை. அதன் அறுந்த பிடியை ஷூ லேஸால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். கழுகு மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் அதே பை, அதே ஷூ லேஸோடு தொங்கிக்கொண்டிருந்தது.

தினமும் ஐந்து மணிக்கு வேலை முடிந்து, சீருடையை மாற்றி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரர் வண்டியோடு வரும்வரை ஷாம்பு பாட்டில்களின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பது அவள்தான். கை தானாக உச்சந்தலைக்குப் போனது. தடவிப் பார்த்தாள். அழுகை வந்தது. முடி போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. தன் கையாலேயே எழுதிய அந்த அறுபத்தைந்துதான் வலித்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

மேனேஜரிடம் ஓடினாள். "சார், அந்த அம்மாவ விட்டுடலாம் சார். பாவம், வயசானவங்க."

"என்னக்கா நீங்க? நான் மேலிடத்துக்கே அனுப்பிட்டேன். உங்களுக்குப் பாராட்டுக் கடிதம் வரும் பாருங்க."

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் வீட்டுக்காரர் முதலில் கவலைப்பட்டது தன்னைப் பற்றி. "என் வயசை என்னன்னு எழுதின?"

"உங்களை எங்க எழுதினேன்? ஆம்பளை வழுக்கைய யாரு கண்டா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "முகம் தெரியலல்ல? அப்புறம் என்ன? நீ பாட்டுக்கு வாயத் தொறக்காம உக்காந்திரு. அந்தத் தலை உன்னுதுன்னு கடையில ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. நாற்பது பேர் முன்னால் தன் மண்டை சுவரளவுக்குத் தெரிவதையும், இதுவரை அக்கா என்றவர்கள் வாயைப் பொத்திச் சிரிப்பதையும் நினைத்தாலே அவளுக்கு வியர்த்தது. அட்டை விசிறியை எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை, கிடங்கில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கழுகு கடைசி வரிசையில், தலையில் ஒரு ஸ்கார்ஃபோடு. மேனேஜர் விளக்கை அணைத்தார். சுவர் முழுக்க உச்சந்தலை. யாரும் சிரிக்கவில்லை.

திடீரென்று முன்வரிசையில் பேக்கரிக்காரி எழுந்தாள். "சார், அது நான்தான். சத்தியமா எதையும் எடுக்கல சார். தினமும் வந்து படிச்சுப் பாத்துட்டு வச்சிடுவேன்."

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் மீன் பிரிவுக்காரி எழுந்தாள். "நீ எங்கடி அதுல வந்த? என் தலை எனக்குத் தெரியாதா? அது நான் சார். எடுக்கல, பாத்தேன். பாக்கறதுக்கும் கேஸ் போடுவீங்களா?"

"அது என் ஸ்வெட்டர்க்கா!"

"ஆமா, உலகத்துல உனக்கு மட்டும்தான் ஸ்வெட்டர் வித்தாங்க!"

மேனேஜர் குழம்பிப்போய் இருவரையும் பார்த்தார். பிறகு பேக்கரிக்காரியிடம், "சரி, பாட்டில் காணாம போனதுக்கு யாராவது பதில் சொல்லணுமே. நீங்கதான் முதல்ல ஒத்துக்கிட்டீங்க. மீட்டிங் முடிஞ்சதும் என் ரூமுக்கு வாங்க" என்றார்.

பேக்கரிக்காரி முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கழுகு பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பாள். இருந்து பார்த்தாள். அரை நிமிடம்கூட இருக்க முடியவில்லை. ஸ்கார்ஃபை உருவிப் போட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், பேக்கரிக்காரிக்குச் சுழி வலது பக்கம். மீன்காரிக்கு வகிடு கோணல். இது ரெண்டும் இல்ல. இது என் தலை. ஷிப்ட் முடிஞ்சு நான்தான் அங்க நிப்பேன். பாட்டிலை நான் எடுக்கல, இவங்களும் எடுக்கல. யாரு எடுத்தான்னு நான் கண்டுபிடிச்சுத் தரேன்."

"அக்கா, ஆனா நீங்களே அறுபத்தஞ்சுன்னு..." என்று ஆரம்பித்த மேனேஜர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கிடங்கே கொல்லென்று சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

கூட்டம் கலைந்த பிறகும் அந்த இரண்டு பேர் மட்டும் போகவில்லை. மீன்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, இருபது வருஷமா மேலேர்ந்து பாக்கறீங்களே, எங்களுக்குக் கொட்டினது தெரியுமா தெரியாதா?"

"தெரியும். உனக்கு மூணு வருஷமா. இவளுக்கு ஒன்றரை."

"ஒரு வார்த்தை சொல்லலியே? நான் எனக்கு மட்டும்தான்னு நினைச்சு, டாக்டர்கிட்ட போகவே வெக்கப்பட்டுக்கிட்டு மூணு வருஷத்த வீணாக்கினேன். போன மாசம்தான் போனேன். ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. இரும்புச்சத்து கம்மி, மத்தது இந்த வயசுல வர்றதுதானாம். மருந்து குடுத்திருக்காங்க. அஞ்சாறு மாசம் பொறுமையா போட்டாதான் ஏதாவது தெரியும்னாங்க."

கழுகு உள்ளதைச் சொன்னாள். "உங்களுக்குக் கொட்டினப்ப வயசாயிடுச்சுன்னு நினைச்சேன். எனக்குக் கொட்டினப்ப ஷாம்பு சரியில்லன்னு நினைச்சேன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அவளுக்கே உறைத்தது. மீன்காரி முறைத்தாள். பேக்கரிக்காரி தொப்பியைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, அவள் முன்னால் வந்து தலையைக் குனிந்தாள்.

"இப்பவாவது சொல்லுங்க. உண்மையச் சொல்லணும்."

கழுகு இரண்டு கையாலும் முடியை விலக்கி நிதானமாகப் பார்த்தாள். "சுழிகிட்ட போயிருக்கு. ஓரத்துல நல்லா இருக்கு. திங்கக்கிழமை லீவு போடு, மீன்காரியோட டாக்டர்கிட்ட சேர்ந்தே போகலாம்" என்றாள்.

பிறகு கிளிப்பைக் கழற்றிவிட்டு அவளும் குனிந்தாள்.

"என்னுதையும் கொஞ்சம் பாரு."